மாத்தேரான் மலையில் ஒரு பழைய விடுதி

மும்பையில் இருக்கிற நம்மவர்களுக்கு மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல்தான். லீவு கிடைத்தால் ஊருக்கு டிக்கெட் போட்டு, அங்கிருந்து மலையேறி, திரும்பி வரும்போது களைத்துப்போய் வருவோம். எங்கள் டோம்பிவிலியிலிருந்து கர்ஜத் லோக்கல் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நேரல் வந்துவிடும். நேரலுக்கு மேலேதான் மாத்தேரான். கார், பைக், பஸ் எதுவும் உள்ளே வர முடியாத மலையூர். அங்கே ஏரிக்குப் பக்கத்தில் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய பங்களா ஒன்று இப்போது விடுதியாக இருக்கிறது. அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே தங்கியிருக்கிறோம், அப்புறமும் போயிருக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் குளிரைப் பற்றி. மாத்தேரான் சுமார் 800 மீட்டர் உயரம்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. அதனால் பெட்டி நிறைய ஸ்வெட்டர் வேண்டாம். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஒரு சால்வை போதும். ஏப்ரல், மே மாதப் பகலில் வெயில் தெரியும், ஆனால் மர நிழலில் நிற்கும்போது மும்பையின் பிசுபிசுப்பு இருக்காது.

இந்த ஊர் எப்படி உண்டானது என்று தெரிந்தால்தான் அந்த வீடுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியும். 1850 மே மாதம், தானே கலெக்டராக இருந்த ஹ்யூ மாலெட் என்பவர் அடிவாரத்துச் சௌக் கிராமத்திலிருந்து மலையேறிப் பார்த்தார். இடம் பிடித்துப்போய், பிறகு வந்து வீடும் கட்டினார். பம்பாய் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபு அக்கறை எடுத்துக்கொண்டதும் ஊர் வளர்ந்தது. பார்சிகளும் போஹ்ரா முஸ்லிம்களும் பம்பாயின் மற்ற பணக்காரக் குடும்பங்களும் கோடைக்கு வந்து தங்கப் பங்களாக்கள் கட்டினார்கள். பம்பாய்த் தொழிலதிபர் ஆதம்ஜி பீர்பாயின் குடும்பம் தங்கள் சொந்தப் பணத்தில் இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டு, 1907-இல் நேரலிலிருந்து மேலே சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு வந்தவர்கள் எல்லாரும் குதிரையிலோ பல்லக்கிலோ நடந்தோதான் வந்திருக்கிறார்கள். அவ்வளவு சிரமப்பட்டு வந்தவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டா இறங்குவார்கள்? சமையல்காரர், பாத்திரம் பண்டத்தோடு வந்து வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். அந்த இருப்புக்காகக் கட்டிய வீடுகள் இவை. அதனால்தான் படுக்கையறையைவிடத் திண்ணை பெரிதாக இருக்கிறது.

நாங்கள் தங்கிய வீட்டில் திண்ணை முன்பக்கம் முழுக்க ஓடி, இரண்டு பக்கமும் திரும்புகிறது. செம்புறைக்கல் சுவர், மங்களூர் ஓடு, கையெட்டாத உயரத்தில் கூரை, கைப்பிடி நீண்ட மர சாய்வு நாற்காலிகள். அம்மா திருநெல்வேலிக்காரி. வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "ஏட்டி, இவ்ளோ பெரிய திண்ணையை வச்சுக்கிட்டு உள்ளே எதுக்குக் கட்டில் போட்டிருக்கான்?" அன்று மதியம் அங்கேயே தூங்கிவிட்டாள். விடுதி பிடிக்கும்போது அறையின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் அறைக்கு முன்னால் திண்ணை உண்டா, அது பொதுவா தனியா, எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று போன் போட்டுக் கேளுங்கள். நீங்கள் பகலெல்லாம் இருக்கப்போவது அங்கேதான்.

ஆனால் அங்கே தங்குவதன் சாரம் இன்னொன்று. மாத்தேரானில் உங்கள் கைக்கு வருகிற எல்லாவற்றையும் யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள். 2003-இல் மத்திய அரசு இதைச் சூழல் நுண்ணுணர்வுப் பகுதியாக அறிவித்தது. வண்டிகள் தஸ்தூரி நாக்கா என்ற இடத்தோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து கடைவீதி இரண்டரை, மூன்று கிலோமீட்டர் இருக்கும். கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பால், வெங்காயம், சுவர் கட்டுகிற செங்கல் எல்லாமே குதிரை முதுகிலும் கைவண்டியிலும் தலைச்சுமையாகவும் உள்ளே போவதைப் பார்த்தேன். நம் சூட்கேசும் அப்படித்தான். நடுத்தர வயதுப் பெண்கள் இரண்டு பெட்டிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு செம்மண் ஏற்றத்தில் நடப்பதைப் பார்த்த பிறகு, அடுத்த முறை நான் கட்டிய பை பாதியாகிவிட்டது. சக்கரம் வைத்த பெட்டி அந்தப் பாதையில் உருளாது, தூக்கத்தான் வேண்டும். தோளில் மாட்டுகிற பைகளாகக் கொண்டுபோங்கள். சுமை தூக்குகிறவரிடம் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள், பேசிய பிறகு குறைக்காதீர்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் விடுதியின் மற்ற விஷயங்கள் தானாகப் புரியும். தண்ணீர் பாட்டில் ஏன் கீழே இருப்பதைவிட விலை கூட, சாப்பாட்டு நேரம் ஏன் கறாராக இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கு ஏன் தோசை கிடைக்காது என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். பல பழைய விடுதிகளில் காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, மாலைத் தேநீர், இரவுச் சாப்பாடு என்று தங்கும் கட்டணத்தோடு சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். எத்தனை பேர் என்று முந்தின நாளே கணக்குப் போட்டுச் சாமான் வரவழைக்கிறார்கள். அதனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இரவில் தயிர்சாதம் இல்லாமல் தூக்கம் வராது. சப்பாத்தி, பருப்பு, ஒரு காய், கீர் என்பதுதான் அங்கே இரவுச் சாப்பாடு. முதல் நாள் மாலையே சமையல்கட்டுக்குப் போய் எனக்குத் தெரிந்த மராட்டியில் சொன்னேன்: சாதத்தைக் குழைய வடித்து, புளிக்காத தயிர் தனியாகக் கொடுத்தால் போதும், தாளிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. சமையல்காரர் என்னை அடுப்பருகே விட்டார். கடுகும் பெருங்காயமும் பொரிந்த வாசனைக்குப் பக்கத்து மேஜைக் குஜராத்திக் குடும்பமும் ஒரு கிண்ணம் கேட்டது. இதற்கு நட்சத்திர ஓட்டலில் வழியில்லை.

குரங்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திண்ணையில் திறந்து வைத்த எதுவும் உங்களுடையது கிடையாது. இட்லிப்பொடி டப்பா, மாத்திரைப் பை, வாழைப்பழம் எதையும் மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். மாத்திரைப் பையைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் போய்விட்டால் மலைமேல் அதே மருந்து கிடைக்குமா என்று தேடுவது பெரிய பாடு. பாதி மருந்தை வேறொரு பையில் பிரித்து வைப்பது என் வழக்கம். குளியலறை ஜன்னலின் கொண்டியையும் பார்த்துப் போடுங்கள், அந்த வழியாகவும் வருகின்றன. பிளாஸ்டிக் பையின் சரசரப்புக்கே கிட்டே வந்துவிடும் என்பதால் துணிப்பை நல்லது.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் குளியலறையைப் பற்றி நிறையக் கேட்க வேண்டும். இந்தப் பழைய பங்களாக்களில் குளியலறை வீட்டின் பின்பக்கம், தரை ஒரு படி கீழே இருக்கும். வாசலில் உயர்ந்த நிலைப்படி. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் போகிறவர்கள் தடுக்கி விழ அதுதான் இடம். நாங்கள் படியின் விளிம்பில் வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டு, சின்ன டார்ச்சை அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தோம். அப்புறம், சில குளியலறைகளில் வெளியே திறக்கும் இரண்டாவது கதவு ஒன்று இருக்கும். அந்தக் காலத்தில் தண்ணீர் சுமப்பவரும் கழிவு அள்ளுபவரும் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்துபோக வைத்த கதவு அது. பாரம்பரியக் கட்டடம் என்று தேக்கையும் சர விளக்கையும் படம் எடுக்கிறவர்கள் அந்தக் கதவையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அந்த வீட்டைக் கோடைவாசமாக வைத்திருந்ததே அந்த வழியில் நடந்தவர்கள்தான். பாதுகாப்புக்காகவும் சொல்கிறேன், வந்ததும் அந்தக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிடுங்கள்.

வெந்நீரைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் வரும் என்று போனில் சொன்னார்கள், ஆனால் அங்கே மின்சாரம் போனால் கீசரும் போய்விடும். மறுநாள் பின்கட்டில் ஒருவர் பெரிய செம்பு வெந்நீர்க் கொதிகலனில் விறகு போட்டுத் தண்ணீர் காய்ச்சிப் பக்கெட்டில் கொண்டுவந்து வைத்தார். அது பிரமாதமாக இருந்தது. முன்பே அப்படிச் சொல்லியிருந்தால் அம்மா முதல் நாள் காலை குளிரில் காத்திருக்க வேண்டியிருக்காது. ஆகவே 'கீசர் இருக்கிறதா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், எத்தனை மணிக்குப் பக்கெட் கிடைக்கும் என்றும் கேளுங்கள்.

இனி அம்மாவின் முழங்கால். முதல் முறை போனபோது தஸ்தூரியில் இரண்டே வழி: குதிரை, இல்லையென்றால் கைரிக்‌ஷா. பக்கத்தில் அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து மேலே போகும் ஷட்டில் ரயில் அன்றைக்கு நிரம்பிவிட்டது. குதிரையில் அம்மாவை ஏற்ற முடியாது. ரிக்‌ஷாவில் உட்கார்த்தினோம். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, ஏற்றம் வந்ததும் அம்மா இறங்க ஆரம்பித்தாள். "பாவம், எனக்காக இந்தப் பிள்ளைங்க மூச்சு வாங்குது, நான் நடக்கிறேன்" என்றாள். முன்னால் இழுத்தவர் வண்டியை நிறுத்தி, "ஆஜி, பஸா" என்றார். உட்காருங்க பாட்டி, இதுதான் எங்கள் பிழைப்பு, நீங்கள் இறங்கினால் பார்க்கிறவர்களும் ஏறமாட்டார்கள் என்று மராட்டியில் பொறுமையாகச் சொன்னார். அம்மா உட்கார்ந்தாள். ஆனால் வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் எடையைக் குறைத்துக்கொள்ளப் பார்ப்பவள் போல விறைப்பாகவே இருந்தாள். அவர் சொன்னதும் நியாயம், அம்மாவுக்கு உறுத்தியதும் நியாயம். அன்றிலிருந்து இதற்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறந்தது. 2022 டிசம்பரில் சோதனையாகச் சில இ-ரிக்‌ஷாக்கள் வந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மனிதனை மனிதன் இழுப்பது மனித மாண்புக்கு எதிரானது என்று சொல்லி, கைரிக்‌ஷாவை ஆறு மாதத்துக்குள் நிறுத்தவும், இழுத்தவர்களின் பிழைப்புக்கு இ-ரிக்‌ஷாவைக் கொண்டு வழிசெய்யவும் உத்தரவிட்டது. இ-ரிக்‌ஷா வந்த பிறகு போனபோது அம்மா அதில்தான் வந்தாள். கம்பியைப் பிடிக்கவில்லை, ஓட்டுநரிடம் அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கைஜாடையில் விசாரித்துக்கொண்டே வந்தாள். வண்டிகள் குறைவு, வரிசை நீளம் என்பதால் பெரியவர்களோடு வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன் தஸ்தூரி சேர்ந்துவிட்டால் நல்லது. அங்கே சிலர் வழிமறித்து, ரயில் இல்லை, விடுதி ரொம்ப தூரம் என்று சொல்லிக் குதிரையில் ஏற்றப் பார்ப்பார்கள். நேராகக் கவுண்டருக்குப் போய் விசாரியுங்கள், விடுதிக்கும் ஒரு போன் போடுங்கள்.

நேரலிலிருந்து முழுப் பாதையும் சின்ன ரயிலில் வருவதுதான் குழந்தைகளுக்குப் பெரிய சந்தோஷம். சுமார் இருபது கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகிறது. வண்டி மிகவும் மெதுவாகத் திரும்பித் திரும்பி ஏறும், ஜும்மாபட்டி, வாட்டர் பைப் என்று குட்டி ஸ்டேஷன்களில் நிற்கும். சேவைகள் குறைவு, இடங்களும் குறைவு. நாங்கள் கவுண்டரில் நின்றுதான் சீட்டு வாங்கினோம். மழைக்காலத்தில், பொதுவாக ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, நேரல்–அமன் லாட்ஜ் பகுதி ஓடாது, மேலே ஷட்டில் மட்டும் உண்டு. ரயில் கிடைக்காவிட்டால் நேரல் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் டாக்சி தஸ்தூரிவரை போகும். வளைவுகள் அதிகம், வயிறு காலியாகவும் இருக்க வேண்டாம், நிறையவும் வேண்டாம்.

ஏரிக்கு வருகிறேன். சார்லட் ஏரி என்று பெயர். அணை கட்டித் தேக்கிய நீர், ஊருக்குக் குடிதண்ணீர் தருவதும் அது, ஆகவே இறங்கிக் குளிக்கக்கூடாது. ஒரு பக்கம் ஊரின் காவல்தெய்வமான பிசார்நாத் சிவன் கோயில், கொஞ்சம் தள்ளி எக்கோ பாயிண்ட், லூயிசா பாயிண்ட் என்ற காட்சி முனைகள். லூயிசாவில் நின்றால் எதிரே பிரபல்கட் மலை தெரியும். பத்து மணிக்கு மேல் குதிரைகளும் சோளக்கடைகளும் கூட்டமுமாக ஆகிவிடும். பக்கத்து விடுதியில் தங்குவதன் முழு லாபமும் அதற்கு முந்தைய நேரத்தில்தான். ஜூன் தொடக்கத்தில் ஒருமுறை விடியும் முன்பே எழுந்தேன். இருட்டில் சீகாரப் பூங்குருவி யாரோ பையன் விசிலடித்துக்கொண்டு நடப்பது போலப் பாடிக்கொண்டிருந்தது. நானும் அம்மாவும் மெதுவாக நடந்து கோயிலுக்குப் போனோம். பூசாரி அப்போதுதான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். நாவல், கடுக்காய், காயா மரங்கள் பாதை முழுக்க மூடிக்கொண்டு நிற்பதால் வெயில் ஏறியும் நிழல் இருந்தது. காயா என்று மரத்தைக் காட்டியதும் அம்மா நின்று தொட்டுப் பார்த்தாள்.

பாதையெல்லாம் செம்மண். வெயில் காலத்தில் குதிரைக் குளம்பில் கிளம்பும் தூசி மூக்குக்குள் போகும், ஆஸ்துமா இருப்பவர்கள் முகக்கவசம் கொண்டுபோக வேண்டும். மழை விழுந்தால் அதே மண் வழுக்கும், பிடிமானம் உள்ள செருப்போ ஷூவோ கட்டாயம். வெளிர் நிறப் புடவையின் கரை சிவப்பாகிவிடும், துவைத்தாலும் முழுக்கப் போகாது.

கடைவீதியில் சிக்கி என்கிற கடலை மிட்டாயும் தோல் செருப்பும் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. வாங்குங்கள், ஆனால் அங்கேயே பாய் கோத்வாலின் நினைவிடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1912-இல் இதே ஊரில் பிறந்து, வக்கீலுக்குப் படித்து, 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மின் கோபுரங்களை வீழ்த்தி, 1943 ஜனவரியில் சித்தகட் காட்டில் போலீசால் சுடப்பட்டு இறந்தவர். வெள்ளைக்காரர்களின் பெயர்கள் பல காட்சி முனைகளுக்கு இருக்கிற ஊரில் இந்தப் பெயரை என் மகன் தெரிந்துகொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

எத்தனை நாள் தங்கலாம் என்று கேட்பார்கள். ஒரு இரவு போதாது. வந்து சேர்ந்த களைப்பு தீர்வதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். இரண்டு இரவாவது இருங்கள், முடிந்தால் வார நாட்களில். சனி, ஞாயிறில் கட்டணமும் கூட, ஏரிக்கரையில் குப்பையும் கூட. மழையில் பல பழைய விடுதிகள் மூடிவிடும் அல்லது சில அறைகளை மட்டும் திறந்து வைக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறையில் டிவி இல்லை, போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது. சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, படிக்க ஒரு புத்தகம் எடுத்துப்போனால் திண்ணை நிறைந்துவிடும்.

இறங்கும் நாளைப் பற்றி முன்பே யோசித்துவிடுங்கள். சுமை தூக்குகிறவரிடம் முந்தின இரவே நேரம் சொல்லி வைக்க வேண்டும். ஞாயிறு மாலை நேரலில் ஏற முடியாத கூட்டம் இருக்கும், கர்ஜத்திலிருந்தே வண்டி நிரம்பி வரும். திங்கள் காலை எட்டு, ஒன்பது மணி வண்டிகள் ஆபீஸ் கூட்டம், அதைவிட மோசம். பத்லாபூரிலிருந்து கிளம்பும் லோக்கல்கள் நேரலைத் தொடுவதில்லை என்பதால் கர்ஜத், கோபோலி வண்டிகள் மட்டும்தான் உண்டு, நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் விடுதியில் சாவகாசமாகப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, திங்கள் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் வரும் வண்டியைப் பிடிப்போம். அம்மாவுக்கு ஜன்னல் ஓர இடமே கிடைத்துவிடும்.